தீனி மாறினால் குடல் மாறுமா? குப்பைமேட்டு வண்டுப்புழுவை வைத்துச் சோதிக்கும் முறை

ரோஜா மொட்டையும் கனிந்த பழத்தையும் குடைந்து தின்னும் மஞ்சள், கறுப்பு வண்டை, தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் தோட்டம் போட்டிருப்பவர்கள் திட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள். பாக்னோடா சினுவாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். வண்டு செய்கிற அட்டகாசத்தை அதன் புழு செய்வதில்லை. கம்போஸ்ட் குப்பையிலும் பழைய சாணக் குவியலிலும் கிடந்து, மக்கியதைத் தின்று புழுக்கையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நார் மிகுந்த அந்தத் தீனியைப் பின்குடலில் உள்ள ஒரு பையில் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அதில் கிடைக்கும் அசிட்டேட் போன்ற சிறு அமிலங்களைப் புழு உறிஞ்சிக்கொள்கிறது. தீனிக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கத் தோதான பூச்சி இது. எஸ்காம் எக்ஸ்போ என்ற பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் மேல்வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் வீட்டுக் கொல்லையிலும் பள்ளி ஆய்வகத்திலுமாகச் செய்து முடிக்கலாம்.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரு டப்பாவில் சாணம், இன்னொன்றில் இலைமக்கு போட்டு வளர்ப்பார்கள். மாதம் கழித்து அறுத்துப் பார்த்தால் குடலில் வேறு வேறு பாக்டீரியா தெரியும். ‘உணவு குடலை மாற்றிவிட்டது’ என்று பலகையில் எழுதிவிடுவார்கள். சாணத்தில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாதான் சாணத்தோடு உள்ளே போய், குடலைக் கடந்து, வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றால்? அது சத்திரத்தில் ஒரு வேளை தங்கிப் போகும் வழிப்போக்கர் கூட்டம்; அங்கேயே குடியிருப்பவர்கள் வேறு. இரண்டையும் பிரிக்காத சோதனைக்கு மதிப்பில்லை. அதனால் கீழே சொல்லும் ஏற்பாட்டில் பாதி வேலை இதைப் பிரிப்பதற்கே போகிறது.

பிரிக்கும் வழி மூன்று. எல்லாத் தீனியையும் அவித்து, அதிலிருந்த உயிர்களைக் கூடியவரை அழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே குப்பைமேட்டிலிருந்து ஒரே அளவு உறை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தீனிக்கும் புழு இல்லாத டப்பா ஒன்று வைக்க வேண்டும். குடலைப் பார்க்கும் அன்றே அந்தந்த டப்பாத் தீனியையும் பார்க்க வேண்டும்.

சாணவண்டு ஆராய்ச்சிகளைப் பார்த்தால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். யூனிடிசெல்லஸ் இன்டர்மீடியஸ் என்ற சாணவண்டு நம் பக்கத்துப் பூச்சி. இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. வளர்ந்த வண்டு சாணத்தின் சாற்றையும் அதிலுள்ள நுண்துகளையும் வடித்து உண்ணும். புழு முரட்டு நாரை மென்று, தன் எச்சத்தையும் திரும்பத் தின்னும். ஒரே இனம், ஒரே சாணம். ஆனாலும் வண்டின் குடலிலும் புழுவின் குடலிலும் பாக்டீரியாக் கூட்டம் வேறாக இருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய் வண்டு முட்டைக்கு அடியில் தன் எச்சத்தால் ஒரு சிறு மேடை வைத்துவிட்டுப் போகிறது. பொரிந்த குஞ்சுப்புழு முதலில் தின்பது அதைத்தான். அம்மாவின் குடல் பாக்டீரியா அப்படிக் கைமாறுகிறது. மேற்குக் கரையோர மணற்பாலையில் வாழும் பறக்காத பாக்கிசோமா வண்டுகளில் சில காய்ந்த புழுக்கையையும் சில செடிச் சருகையும் இழுத்துப் போய்த் தின்னும். அந்த இரு வகையின் குடல்களும் அதே ஆண்டு ஒப்பிடப்பட்டபோது நிறையவே வேறுபட்டிருந்தன. ஆனால் அங்கே தீனி மட்டுமா வேறு, இனமும் அல்லவா வேறு? ஒரே இனத்துப் புழுவுக்குத் தீனியை மட்டும் மாற்றுவதில் உள்ள சௌகரியம் இதுதான்.

புழுவைச் சேர்ப்பது

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குப்பைமேட்டின் அடிப்பக்கத்தைக் கிளறினால் பல அளவில் கிடைக்கும். சரியான புழுவா என்று தெரிந்துகொள்ள மேசைமேல் விடுங்கள். பாக்னோடா புழு புரண்டு, கால்களை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு, முதுகாலேயே விறுவிறுவென்று ஊர்ந்து போகும். பக்கவாட்டில் சுருண்டு கிடந்து நெளிவது வேரைத் தின்னும் வேறு புழு, அது வேண்டாம். நீளம் 2.5 முதல் 3 செ.மீ. வரை, பின்பக்கத் தோல் கண்ணாடிபோல இருந்து உள்ளே சாம்பல் கறுப்பாகக் குடல் தெரிகிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்க வெண்ணெய் மஞ்சளாக மாறிய புழு கூட்டுப்புழுவாகப் போகிறது. அது குடலைக் காலி செய்துவிட்டிருக்கும், எடுத்து வந்தால் வீண். தோலுரிக்கும்போது பின்குடலின் உள்ளுறையும் சேர்ந்தே கழன்றுவிடும். அதன்பின் பழைய புழுக்கையைத் தின்றுதான் பாக்டீரியாவை மறுபடி குடியேற்றும். ஆகவே சோதனை நடுவில் எந்த டப்பாவிலாவது உரித்த தோலோ தலை ஓடோ கிடந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். மாதிரி எடுப்பதற்கு முந்தைய பத்து நாளுக்குள் தோலுரித்த புழுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

48 புழு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து, கண்ணை மூடி எடுப்பதுபோல் பிரித்துப் போடுங்கள். பெரிய புழுக்களை எல்லாம் தெரியாமலே ஒரு தீனிக்குப் போட்டுவிடுவது சகஜம்.

தீனி

மூன்று வகை: மாட்டுச் சாணம், இலைமக்கு, கரும்புச் சக்கை. சாணத்துக்கு மாட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: கடந்த இரண்டு மாதத்தில் ஐவர்மெக்டின் வகைப் பூச்சிமருந்து போட்டாரா? அந்த மருந்து சாணத்தோடு வெளியேறி வண்டுப்புழுக்களைக் கொல்லும், அவித்தாலும் போய்விடும் என்று நம்ப முடியாது. இலைக்கு மா, லிச்சி, அத்தி மரத்துச் சருகு நல்லது. வேப்பமரத்தின் உறவான சிரிங்கா மரம் நம் தெருவெல்லாம் நிற்கிறது. அதன் இலை பூச்சிக்கு ஆகாது. யூகலிப்டஸும் வேண்டாம். கோயில் மாலைக்குப்பை தாராளமாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். கடைப்பூவில் பூச்சிமருந்து இருக்கும். கரும்புச் சக்கையைச் சாறு போகக் கழுவி, 5 மி.மீ.க்குக் குறைவாக நறுக்குங்கள். சர்க்கரை தங்கினால் ஈஸ்ட் கிளம்பிப் புளித்துவிடும்.

மூன்றையும் வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே எடை போடுங்கள். ஒவ்வொன்றிலும் 1 கிலோவுக்கு 100 கிராம் கோதுமைத் தவிடு சேருங்கள். சக்கையில் நைட்ரஜன் மிகக் குறைவு. தவிடு இல்லாவிட்டால் சக்கைப் புழு மெலிந்து, ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். பிறகு குடலில் நீங்கள் காண்பது தீனியின் விளைவா பட்டினியின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் 1.9 லிட்டர், கொதிக்க வைத்து ஆறியது. குளோரின் கலந்த குழாய் நீரை நேரே ஊற்றக் கூடாது. ஆக ஒவ்வொரு தீனியும் 3 கிலோ, ஈரம் ஏறக்குறைய 63 சதம். கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது. சக்கை மட்டும் அதே ஈரத்திலும் உலர்ந்ததுபோல் தோன்றும். கண்ணை நம்பிக் கூடுதல் தண்ணீர் ஊற்றாதீர்கள், எடையை நம்புங்கள்.

அவிப்பதற்குச் சமையல் குக்கரைத் தொட வேண்டாம். பழைய பிரஷர் குக்கர் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அடியில் 4 செ.மீ. தண்ணீர், அதன்மேல் தட்டு, தட்டின்மேல் துணிப்பையில் தளர்வாகக் கட்டிய 500 கிராம் தீனி. முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 45 நிமிடம். சாணத்துக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும், இறுக்கி அடைத்தால் நடுப்பகுதி வேகாது. ஒரு நாள் அறைச் சூட்டில் மூடி வைத்துவிட்டு மறுநாள் மறுபடியும் 45 நிமிடம். முதல் சூட்டுக்குத் தப்பிய பாக்டீரியா வித்துகள் இடையில் முளைத்திருக்கும், இரண்டாம் சூட்டில் அவை போகும். இதற்குப் பிறகும் நூற்றுக்கு நூறு சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. புழு இல்லாத டப்பா அதற்கும் சேர்த்துத்தான்.

ஆறியதும் உறை: ஒவ்வொரு 3 கிலோவுக்கும் அதே குப்பைமேட்டிலிருந்து எடுத்துச் சலித்த கம்போஸ்ட் 150 கிராம், அதே மேட்டுப் புழுக்களின் புதுப் புழுக்கை 30 கிராம். புழுக்கையை விட்டுவிடாதீர்கள். பின்குடல் பாக்டீரியா அதில்தான் அடர்த்தியாக இருக்கும், வெறும் கம்போஸ்டில் போதாது.

உடனே புழுவை விடக் கூடாது. தவிடு கலந்த தீனி முதல் வாரத்தில் சூடேறும், நடுவில் 40 டிகிரி தாண்டலாம். பத்து நாள் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை கிளறி, வெப்பமானி அறைச் சூட்டுக்கு இறங்கிய பிறகு விடுங்கள். அவசரப்பட்டு விட்டால் புழுக்கள் எல்லாம் மேலே வந்து மூடியைச் சுற்றி ஊரும். அம்மோனியா நெடியும் அடிக்கும். அப்படி நடந்தால் புழுவை எடுத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் கிளறுங்கள்.

டப்பாக்கள்

2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா 15. மூடியில் சூடான ஊசியால் 20 துளை. ஒவ்வொன்றிலும் 500 கிராம் தீனி. தீனிக்கு நான்கு டப்பா, டப்பாவுக்கு நான்கு புழு. ஐந்தாவது டப்பாவில் புழு இல்லை. மிச்சமிருக்கும் தீனியை உறைபெட்டியில் வைத்து, மூன்றாம் வாரம் ஒவ்வொரு டப்பாவுக்கும் 100 கிராம் சேருங்கள்.

16 புழுவை ஒரே பெரிய டப்பாவில் போட்டால் வேலை குறையுமே என்று தோன்றும். ஒரே டப்பாவில் உள்ள புழுக்கள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்கின்றன. அவற்றின் குடல்கள் ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? அது 16 சான்றல்ல, ஒரே ஒரு சான்று. புள்ளிவிவரம் போடும்போதும் டப்பாவையே ஓர் அலகாக எண்ணுங்கள்.

26 டிகிரியை ஒட்டி வையுங்கள். தெர்மோகோல் கூல்பாக்ஸ் போதும். மின்வெட்டு நேரத்தில் உள்ளே வெந்நீர் பாட்டில் வைத்தால் சமாளிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற மேட்டு ஊர்களில் குளிர்காலம் வரை இழுக்க வேண்டாம். சூடு குறைந்தால் புழு தின்பதையே நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை எடை போட்டு, ஆவியான தண்ணீரை ஈடு செய்யுங்கள். புழுக்கையைச் சலித்து எறியக் கூடாது. பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், அது அவற்றின் தீனியில் ஒரு பகுதி.

ஐந்தாம் வாரம்: குடலை எடுப்பது

முதலில் புழுவை ஈரக்காற்றுள்ள சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தில் 24 மணி நேரம் தனியாக வையுங்கள். வழிப்போக்கரில் ஒரு பகுதி இதிலேயே வெளியேறும். அடியில் டிஷ்யூ காகிதம் போடாதீர்கள், அதையும் கடித்துத் தின்னும், காகிதமும் செல்லுலோஸ் என்ற செடிநார்தான். இரண்டு நாளைத் தாண்டினால் குடியிருப்பவர்களின் கணக்கே மாறத் தொடங்கும்.

பிறகு பனிக்கட்டிமேல் 20 நிமிடம். அசைவு நின்றதும் 70 சத எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி, கொதித்து ஆறிய நீரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசு நீரில் 0.1 மி.லி. எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டு ஒன்றில் பூசிவையுங்கள். அதில் நிறைய முளைத்தால் நீங்கள் எண்ணப்போவது தோல் பாக்டீரியாவையும் சேர்த்துத்தான். தலையை வெட்டி நீக்கி, கூர்கத்தரியால் முதுகின் நடுவே பின்னிருந்து முன்னாக, நுனியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வெட்டுங்கள். ஆழமாகப் போனால் குடல் கிழிந்து எல்லாம் கலந்துவிடும். வெள்ளைக் கொழுப்பை ஒதுக்கினால் அகலமான நேர்க்குழாய் தெரியும், நடுக்குடல் அது. அதற்குப் பின்னால் சட்டென்று மெலிந்து, மறுபடி கறுத்த பையாக வீங்குவது பின்குடல். மெலிந்த அந்த இடத்தில் நூலால் கட்டிவிட்டு இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.

இந்தக் கட்டத்தில் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இதன் உறவான பாக்னோடா எஃபிப்பியாட்டா புழுவின் நடுக்குடலில் பிஹெச் 10ஐத் தாண்டுகிறது, பின்குடலில் நடுநிலைக்கு இறங்குகிறது என்று 2003இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். தீனியோடு வருகிற பாக்டீரியாவில் பல அந்தக் காரத்தில் மடிகின்றன. தாக்குப்பிடித்தவை பின்குடலுக்குப் போனால் அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. தீனி எதைக் கொண்டுவந்தாலும் இந்த இரண்டு வாசலைத் தாண்டியாக வேண்டும். உங்கள் நடுக்குடல் வாசிப்பு 7, 8 என்று வந்தால் குடல் எங்கோ கிழிந்து உடல்நீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

எண்ணுவது

பின்குடல் சரக்கு 0.1 கிராமை (நடுக்குடலுக்கும் டப்பாத் தீனிக்கும் இதே முறைதான்), அவித்த 0.85 சத உப்புநீர் 0.9 மி.லி.யில் கலக்குங்கள். அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து அடுத்த 0.9இல், அப்படியே ஐந்தாவது குழாய் வரை. ஐந்தாவது லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு குழாய்க்கும் பிப்பெட்டுக்குப் புது முனை போட வேண்டும். பழைய முனையையே பயன்படுத்தினால் எண்ணிக்கை பலமடங்கு ஏறிக் காட்டும். 0.1 மி.லி.யைத் தட்டில் பரப்பி 28 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். 37 டிகிரி வேண்டாம், மனித நோய்க்கிருமிகளுக்குப் பிடித்த சூடு அது. 30 முதல் 300 பாக்டீரியாக் கூட்டம் (காலனி) உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாவது குழாய்த் தட்டில் 84 இருந்தால், 84ஐ 10ஆலும் லட்சத்தாலும் பெருக்க, கிராமுக்கு 8.4 கோடி.

நாரைச் சிதைப்பவை எத்தனை என்று அறிய, செல்லுலோஸிலிருந்து செய்யப்படும் சிஎம்சி பொடி கலந்த தட்டு. கேக் அலங்காரக் கடையில் ஐசிங்குக்கு விற்கும் சிஎம்சி பொடியே ஆகும். வேறு பசை கலக்காததா என்று சீட்டைப் படித்து வாங்குங்கள். அரை லிட்டருக்கு சிஎம்சி 5 கிராம், அகார் 8, பெப்டோன் 1, டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.5, மெக்னீசியம் சல்பேட் 0.25. சிஎம்சியை மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டும். அகாரோடு உலர்வாகக் கலந்து, கலக்கிக்கொண்டே தூவுங்கள். 25 தட்டு வரும். கூட்டங்கள் வளர்ந்ததும் 0.1 சத காங்கோ ரெட் ஊற்றி 15 நிமிடம், பிறகு லிட்டருக்கு 58 கிராம் உப்புப் போட்ட நீரால் 15 நிமிடம் அலசல். செல்லுலோஸைத் தின்றவற்றைச் சுற்றிச் சிவப்பு நீங்கி வெளிறிய வளையம் நிற்கும். காங்கோ ரெட் புற்றுநோய் ஐயம் உள்ள சாயம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தட்டுகளை டேப் ஒட்டியே வளருங்கள். முடிந்தபின் ஜிக் என்ற ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கில் இரவு முழுவதும் ஊறவைத்து எறியுங்கள்.

தட்டு காட்டுவது பாதிக் கதைகூட இல்லை. பின்குடலின் முக்கியக் குடிகளான க்ளோஸ்ட்ரிடியா, பாக்டீராய்டீட்ஸ் வகைகள் பெரும்பாலும் காற்றுப் பட்டால் வளராதவை. மெழுகுவர்த்தி ஜாடியில் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். மெழுகுவர்த்தி அணைந்த பிறகும் ஜாடியில் ஏராளமான ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். ஆகவே அதே சரக்கைக் கண்ணாடிச் சில்லில் மெல்லப் பூசி, பாக்டீரியாவை ஊதா, இளஞ்சிவப்பு என இரண்டாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமும் போடுங்கள்: கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் 5 முதல் 10 நொடி, சஃப்ரனின் ஒரு நிமிடம். ஆல்கஹாலில் இன்னும் சில நொடி கூடினால் ஊதாவெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். நார்த்துகள் சாயத்தைக் குடித்து நீளக் கோல் பாக்டீரியா மாதிரியே கிடக்கும். முதலில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் பூசினால் இந்தத் தொல்லை குறையும். நுண்ணோக்கியில் பத்துப் புலத்தில் ஊதாக் கோல், இளஞ்சிவப்புக் கோல், உருண்டை, சுருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்த டப்பாச் சில்லு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

முடிவைப் படிப்பது

குடலும் அதன் டப்பாத் தீனியும் ஒத்திருந்தால் நீங்கள் எண்ணியது வழிப்போக்கரை. மூன்று தீனிப் புழுக்களின் குடலும் ஒன்றுபோல் இருந்து தீனியிலிருந்து மட்டும் வேறுபட்டால், புழுவின் குடலே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது, தீனிக்கு அங்கே பெரிய செல்வாக்கு இல்லை. குடல்கள் தம்முள்ளும் வேறுபட்டு, தத்தம் தீனியிலிருந்தும் வேறுபட்டால்தான் தீனி குடியிருப்பவர்களை மாற்றியது என்று சொல்ல இடமுண்டு. நடுக்குடல் முதல் வகையிலும் பின்குடல் வேறு வகையிலும் விழக்கூடும். அதைக் குழப்பம் என்று ஒதுக்காமல் தனித்தனியே எழுதுங்கள். புழுவுள்ள டப்பாத் தீனியைப் புழு இல்லாத டப்பாவோடும் ஒப்பிடுங்கள். ஐந்து வாரத்தில் புழுவே தீனியின் பாக்டீரியாவை மாற்றியிருக்கலாம்.

நேரம் இருந்தால் எல்லாப் புழுவையும் ஐந்தாம் வாரமே அறுக்காமல், தீனிக்கு இரண்டு டப்பாவை விட்டுவைத்து, சாணப் புழுவைச் சக்கைக்கும் சக்கைப் புழுவைச் சாணத்துக்கும் மாற்றிவிடுங்கள். இலைப் புழுவை மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை புழுவைச் சுத்தமான தட்டில் அரைமணி விட்டால் புழுக்கை போடும், அதைச் சாயமிட்டுப் பார்த்தாலே மாற்றம் தொடர்ந்து தெரியும். மூன்று வாரத்தில் குடல் புதுத் தீனியின் பக்கம் சாய்கிறதா, பழையபடியே நிற்கிறதா என்பதுதான் இந்தச் சோதனை தரக்கூடிய வலுவான சான்று.

பாக்டீரியாக்களின் பெயர் தெரிய வேண்டுமானால், அவற்றை இனங்காண உதவும் 16எஸ் மரபணு வரிசை படிக்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தை ஆசிரியர் மூலம் அணுக வேண்டும். குடலை அதைப்போல் ஐந்து மடங்கு 96 சத எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். கடையில் விற்கும் வண்ண மெத்திலேட்டட் ஸ்பிரிட் இதற்கு ஆகாது. சரக்கு எதுவும் போடாமல் வெறும் எத்தனால் குழாய் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள், அதில் வருகிற பெயர்கள் ஆய்வகத் தூசியின் பெயர்கள். ஏழு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தீனிக்கொரு பின்குடல் கலவை, தீனிக்கொரு தீனி மாதிரி, ஒரு வெற்றுக் குழாய். ஒரு தீனிக்குரிய கலவையில் அதன் எல்லா டப்பாவிலிருந்தும் சம எடை இருக்கட்டும். ஏழையும் குடலுக்கே செலவழித்துவிட்டால் வழிப்போக்கர் யார் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.